காதும் காதும் வைத்த வளைகாப்பு

உப்போடை மாதர் நற்பணி மன்றத்தை யாராவது கேலி பேசினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். கேலி பேச இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு. ஏனென்றால் மன்றத்து உறுப்பினர் பொன்னுத்தாய் என் வீட்டுக்காரி.

தங்கமான மனசுக்காரிகள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். வம்பே அங்கேதான். நீங்கள் வாயால் எதைச் சொன்னீர்களோ அதை அப்படியே செய்து முடித்துவிடுவார்கள். மனசில் என்ன நினைத்துச் சொன்னீர்கள் என்பது உங்கள் பாடு.

மன்றம் ஆரம்பித்த புதிதில் பஞ்சாயத்துத் தலைவர் வாழ்த்திப் பேச வந்தார். "ஊரைக் கூட்டி ஏதாவது நல்லது செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் எல்லாரும் விளக்குமாறோடு கிளம்பிவிட்டார்கள். பிள்ளையார் கோயிலில் ஆரம்பித்துக் கூட்டினார்கள், கூட்டினார்கள், கூட்டிக்கொண்டே போனார்கள். ஊர் எந்த இடத்தில் முடிகிறது என்று தெரியாததால் பக்கத்து ஊர் ரேஷன் கடை வாசலையும் சேர்த்துக் கூட்டிவிட்டார்கள். "எங்க ஊர்க் குப்பையை அள்ள நீங்க யாரு?" என்று அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். தலைவி தைலம்மை நியாயஸ்தர். அள்ளியதை எல்லாம் திருப்பிக் கொட்டி, "சரியா இருக்கா பாத்துக்குங்க" என்று கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

அடுத்தது சர்க்கரை நோய் முகாம். டாக்டர் போனில், "எல்லாரையும் வெறும் வயித்தோட வரச் சொல்லுங்க" என்றார். மன்றம் உடனே கூடியது.

"வெறுங்கால்னா என்ன?" என்று கேட்டார் செயலாளர் எஸ்தர் கனகமணி. மன்றத்திலேயே யோசிக்கத் தெரிந்தவர் அவர்தான் என்று பேர்.

"செருப்பு போடாத கால்" என்றாள் என் வீட்டுக்காரி.

"வெறுங்கழுத்துன்னா?"

"நகை போடாத கழுத்து."

"அப்போ வெறும் வயிறுன்னா?"

"ஆத்தாடி, சட்டை போடாத வயிறு!"

முகாம் அன்றைக்கு ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றோம். நின்று களைத்துப் போவோமே என்று மன்றத்துச் செலவிலேயே பொங்கலும் வடையும் போட்டிருந்தார்கள். டாக்டர் மட்டும் சட்டையோடு வந்தார். அதனால் அவரை உள்ளே விடவில்லை.

இந்த மன்றத்திடம்தான் அன்னக்கொடி தன் மானத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தாள்.

அன்னக்கொடி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள். புருஷன் போனபிறகு ஒத்தையாய் நின்று மகள் செவ்வந்தியை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். கல்யாணம் பேசும்போதே மாப்பிள்ளையின் தாயார் ஆவுடையம்மாள் சபையில் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். "அடுத்தவங்க தயவுல நிக்கிற வீட்டுல நாங்க பொண்ணு எடுக்கிறதில்ல." அன்னக்கொடிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் மகளுக்குச் செய்யுறதை எல்லாம் நான்தான் செய்வேன். ஒருத்தர் வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று அவளும் சபையில் சொல்லிவிட்டாள்.

இப்போது செவ்வந்திக்கு ஏழாம் மாசம். ஞாயிற்றுக்கிழமை தாய்வீட்டில் வளைகாப்பு. பாவம், அன்னக்கொடி காமாலை கண்டு படுத்துக் கிடந்து இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாள். கடை மூடிக் கிடக்கிறது. அரிசிப்பானையில் கையை விட்டால் அடிதான் தட்டுகிறது. இது எதையும் அவள் மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

தைலம்மை வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்து நின்றாள்.

"அக்கா, வேற வழியில்லாம வந்திருக்கேன். அஞ்சு வகைச் சோறு, வளையல், பூ, தாம்பூலம், எல்லாம் நீங்கதான் பாத்துக்கணும். கடை திறந்ததும் கடனை அடைச்சுருவேன். ஆனா சம்பந்திக்கு மட்டும் தெரிஞ்சுது, என் மக காலம்பூராவும் அங்க குத்துப்பேச்சு வாங்கியே செத்துருவா. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுக் குடுங்கக்கா."

"அதுக்கென்ன, வச்சிட்டாப் போச்சு" என்றார் தைலம்மை.

"இன்னொண்ணு. உங்க அண்டாவுல எல்லாம் 'உபயம்'னு வெட்டியிருக்குமே. அன்னைக்கு அது உபயம் இல்லைன்னு இருக்கணும்."

"இருக்கும்."

அன்னக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனாள். பாவம் என்று இரண்டாம் தடவை சொல்லத் தோன்றுகிறது.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். எங்கள் மன்றத்தில் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழியாமல் ஒரு காரியமும் நடக்காது. "டீ போடலாம்" என்று ஒருத்தி முன்மொழிவாள், "இஞ்சி தட்டிப் போடலாம்" என்று இன்னொருத்தி வழிமொழிவாள், அப்புறம்தான் அடுப்புப் பற்றும். டீ வந்தது. விவாதம் ஆரம்பித்தது.

"காதும் காதும் வைக்கணும்னு சொல்லியிருக்கா" என்றார் தைலம்மை. "யாரு காதும் யாரு காதும்னு சொல்லல."

"ஒருத்தருக்கே ரெண்டு காது இருக்கே. அதையே சேத்து வச்சுக்கிட்டா என்ன?" என்றாள் என் வீட்டுக்காரி. சொன்னதோடு நிற்காமல் இரண்டு காதையும் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தாள். பின்னால் இழுத்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முடியல. நடுவுல தலை மறிக்குது."

"தலை எப்பவும் மறிக்கத்தான் செய்யும்" என்றார் எஸ்தர் ஆழ்ந்து யோசித்து. "அதனால ரெண்டு பேர் வேணும். ஆளுக்கு ஒரு காது."

"எந்தக் காது?" என்று கேட்டாள் குருவம்மாள். பனைமரத்தில் பாதி உயரம் இருப்பாள். "நல்ல காரியம். வலது காதும் வலது காதும்தான் ராசி."

வைத்துப் பார்த்தார்கள். வலது காதோடு வலது காது வைத்தால் ஒருத்தி கிழக்கே பார்க்கிறாள், ஒருத்தி மேற்கே பார்க்கிறாள். நடக்கச் சொன்னால் இரண்டு பேரும் ராட்டினம் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றுகிறார்கள். டீ டம்ளர்கள் உருண்டன. கடைசியில் ஒருத்தி வலது காது, ஒருத்தி இடது காது என்று முடிவானது. உயரத்துக்கு உயரம் ஜோடி சேர்த்தார்கள். ஒருவருக்கும் சேராமல் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி குருவம்மாள். இன்னொருத்தி, நின்றால் அவள் இடுப்புக்கு வரும் என் பெண்டாட்டி.

"மன்றம் சொன்னா மறுக்கக் கூடாது" என்று குருவம்மாள் முழங்காலை மடக்கினாள். பொன்னுத்தாய் நுனிக்காலில் எம்பினாள். காது சேர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுநாள் மளிகை வாங்கக் கடைத்தெருவுக்கு ஜோடி ஜோடியாகப் புறப்பட்டார்கள். காதோடு காது ஒட்டியிருந்தால் காது அடைபடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒருத்தி பேசுவது மற்றவளுக்குக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன செய்வோம்? சத்தத்தைக் கூட்டுவோம்.

"அன்னக்கொடி வீட்டுக்கு நாம குடுக்கிற அரிசி இதுதானே?" என்று கத்தினாள் குருவம்மாள்.

"என்னது?"

"அன்னக்கொடிக்கு! நம்ம மன்றம்! குடுக்கிற அரிசி!"

"மெதுவாச் சொல்லு மதினி! ரகசியம்!"

"என்னது?"

"ரகசியம்! சம்பந்திக்குத் தெரியக் கூடாது!"

எங்கள் ஊர்க்காரர்கள் ரொம்ப நாகரிகம் தெரிந்தவர்கள். ரகசியம் என்று காதில் விழுந்ததும் கடைக்காரர்கள், வாங்க வந்தவர்கள், சைக்கிளில் போனவர்கள் எல்லாரும் நின்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். முழுசும் கேட்டு முடித்த பிறகுதான் பொத்தினார்கள் என்பது வேறு விஷயம். நானும்தான் பொத்தினேன்.

பாத்திர வேலையை எஸ்தர் ஏற்றுக்கொண்டார். மன்றத்து அண்டா, தவலை, கரண்டி வரைக்கும் 'உபயம்: உப்போடை மாதர் நற்பணி மன்றம்' என்று வெட்டியிருக்கும். உபயம் இல்லை என்று இருக்க வேண்டுமென்று அன்னக்கொடி சொல்லியிருக்கிறாள் அல்லவா? எஸ்தர் சிவப்புப் பெயின்ட் வாங்கிவந்து ஒவ்வொன்றிலும் கடைசியில் 'இல்லை' என்று எழுதினார். கையெழுத்து அழகான கையெழுத்து. தூரத்திலிருந்தே படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்னக்கொடி வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டினார்கள். அங்கேயும் காதைப் பிரிக்கவில்லை. ஒருத்தி கிளற, ஒருத்தி தாளிக்க, இரண்டு தலையும் ஒன்றாகவே ஆடின.

"புளியோதரைக்கு உப்புப் போட்டியா?" என்று குருவம்மாள் கேட்டாள்.

"தப்புப் பண்ணேனா? நானா? இல்லவே இல்ல!" என்றாள் பொன்னுத்தாய்.

இல்லை என்றதும் குருவம்மாள் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சந்தேகம் வந்தது. மறுபடியும் கேட்டாள். மறுபடியும் இவள் தப்புப் பண்ணவில்லை என்று சாதித்தாள். அடுப்பிலிருந்து இறக்கும்வரை என் வீட்டுக்காரி தப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை.

அன்னக்கொடி கொல்லைக்கு வந்து பார்த்தாள். ஜோடி ஜோடியாய் ஒட்டிக்கொண்டு நிற்கும் தலைகளைப் பார்த்தாள். அண்டாக்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் சத்தம் கேட்டது. சம்பந்தி வந்துவிட்டாள்.

"பிரிஞ்சிருங்க! சீக்கிரம் பிரிஞ்சிருங்க!" என்று அன்னக்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள்.

மற்றவர்கள் பிரிந்தார்கள். குருவம்மாளும் பொன்னுத்தாயும் பிரியவில்லை. விசேஷம் என்று இரண்டு பேரும் ஜிமிக்கி போட்டு வந்திருந்தார்கள். கிளறிய கிளறலில் அந்த ஜிமிக்கியும் இந்த ஜிமிக்கியும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டன. இழுத்தால் "ஐயோ", விட்டால் "அம்மா". அப்படியே நடுக்கூடத்துக்கு வந்து தூணோரமாக நின்றார்கள்.

காலையிலேயே வந்துவிட்ட செவ்வந்தி மணையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆவுடையம்மாள் உள்ளே வந்ததும் மருமகளைப் பார்க்கவில்லை, சீரைப் பார்க்கவில்லை. நேரே, பந்திக்காகக் கூடத்தில் இறக்கி வைத்திருந்த அண்டாவைத்தான் பார்த்தாள். குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"உபயம்... உப்போடை மாதர்... நற்பணி மன்றம்..."

அன்னக்கொடியின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"...இல்லை" என்று படித்து முடித்தாள் ஆவுடையம்மாள். நிமிர்ந்தாள். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தீங்களா? நம்ம ஊர்ல எவன் வீட்டுக்குப் போனாலும் அண்டாவுல யாரோ ஒருத்தன் உபயம்னு எழுதியிருக்கு. இங்க பாருங்க. உபயம் இல்லைன்னே எழுதி வச்சிருக்காங்க! கரண்டியில கூட! ரோஷம்னா இதுல்ல ரோஷம்!"

சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லாரும் கரண்டி கரண்டியாக எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். எங்கள் ஊரைவிடப் புத்திசாலி ஊர் எங்கேயோ இருக்கிறது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றோடு அந்தக் கவலை தீர்ந்தது.

அன்னக்கொடிக்கு மூச்சு திரும்பியது. ஆனால் ஆவுடையம்மாளின் கண் தூணோரம் போய்விட்டது.

"இது என்ன சம்பந்தியம்மா? அந்த ரெண்டு பேரும் ஏன் காதை ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க?"

குருவம்மாள் பொய்யே சொல்லத் தெரியாதவள். "அது வந்துங்க, அன்னக்கொடிதான் எங்ககிட்ட காதும் காதும்..." என்று ஆரம்பித்தாள்.

"சம்பிரதாயம்!" என்று அலறினாள் அன்னக்கொடி.

எல்லாரும் திரும்பினார்கள். அவளுக்கு மேலே என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்போது மணையிலிருந்து செவ்வந்தி பேசினாள். அம்மா மெலிந்திருப்பதை வந்ததுமே அவள் பார்த்துவிட்டாள். ருசி பார்க்கக் கொடுத்த புளியோதரையை ஒரு வாய் வைத்ததும், இது அம்மா கைச்சமையல் இல்லை என்றும் கண்டுபிடித்துவிட்டாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆமா அத்தை, எங்க ஊர்ச் சம்பிரதாயம்" என்றாள் நிதானமாக. "வயித்துப் பிள்ளைக்குக் கேக்கணும்னுதானே வளையல் போடுறோம்? பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்கணும்னு பெரியவங்க காதோட காது வைக்கிறது."

நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். நம் ஊரில் இப்படி ஒரு வழக்கம் இருந்து எனக்குத்தான் சொல்லவில்லையோ என்றுகூட வருத்தமாக இருந்தது.

ஆவுடையம்மாளின் முகம் சுருங்கியது. போச்சு, கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தோம். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கே நியாயம்! இவ்வளவு முக்கியமான சடங்கு, மாப்பிள்ளையைப் பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். என்னை விட்டுட்டு யாரோ ரெண்டு பேர் காது வைக்கிறாங்க. என் காது என்ன அவ்வளவு இளப்பமாப் போச்சா?"

"சம்பந்தியம்மா, அப்படி இல்ல..."

"முதல் காது யாருது? பேரன் எங்க வீட்டுப் பேரன். முதல் காது என் காதுதான்!"

"பொண்ணு வீட்டுக் காதுதான் முதல்ல வரணும்" என்று தைலம்மை குறுக்கே வந்தார். "தாய்மாமன் சீர்கூட அப்படித்தான்."

"எங்க பக்கத்துல மாப்பிள்ளை வீட்டுக் காது!"

அரை மணி நேரம் சண்டை. இரண்டு பக்கமும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் தன் காதைத் தொட்டுச் சத்தியம்கூடச் செய்தார். கடைசியில் எஸ்தர் கனகமணி எழுந்து, "ரெண்டு காதையும் ஒரே நேரத்துல வச்சா முதல் எது, ரெண்டாவது எது?" என்று கேட்டார். சம்பந்திகள் இருவரும் காதோடு காது வைப்பது என்று தைலம்மை முன்மொழிந்தார். ஆவுடையம்மாளே வழிமொழிந்தாள்.

வளையல் குலுங்க இரண்டு தாய்மாரும் செவ்வந்தி பக்கத்தில் நின்று காதோடு காது வைத்தார்கள். அன்னக்கொடி தேம்பித் தேம்பி அழுதாள். ஏன் அழுகிறாள் என்று எங்கள் ஊருக்கே தெரியும். அழுகையைப் பார்த்து ஆவுடையம்மாளுக்கும் அழுகை வந்துவிட்டது. காது அடைத்திருந்ததால் அவளும் கத்தித்தான் சொன்னாள். "உங்களை மாதிரி ரோஷக்காரி வீட்டுல சம்பந்தம் வச்சதுக்கு நான் குடுத்து வச்சிருக்கணும்! உங்க மக எங்க வீட்டுல ராணி மாதிரி இருப்பா!"

"என்னது?" என்றாள் அன்னக்கொடி.

"ராணி மாதிரி!"

கேட்டிருந்தாலும் இன்னொரு தடவை கேட்டிருப்பாள். அப்படிப்பட்ட வார்த்தை.

அதன் பிறகு கூடத்தில் ஒரு காது சும்மா இல்லை. வேன் டிரைவரும் நானும்கூட வைத்தோம். புளியோதரையை வாயில் போட்ட எல்லாரும் தவலை தவலையாகத் தண்ணீர் குடித்தார்கள். அதனால் சொன்னதைவிட இரண்டு மடங்கு ஆள் வந்தும் சோறு பற்றாமல் போகவில்லை. சாயங்காலம் தட்டான் வந்து ஜிமிக்கியைப் பிரித்தபோது, அதுவும் சடங்குதான் என்று ஆவுடையம்மாள் கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள்.

செவ்வந்திக்கு ஆண்பிள்ளை பிறந்தது. காது அருமையாகக் கேட்கிறது. ஒரு கரண்டி விழுந்தால் போதும், ஊரைக் கூப்பிட்டு அழுகிறான். ஆவுடையம்மாள் ஊரில் இப்போது காது வைக்காமல் எந்த வளைகாப்பும் நடப்பதில்லையாம். அண்டா வாங்கினால் முதல் வேலையாக 'உபயம் இல்லை' என்று வெட்டிக்கொள்கிறார்களாம்.

கடை திறந்து வியாபாரம் சூடு பிடித்ததும் அன்னக்கொடி ஒரு தூக்கு நிறைய இட்லியோடு மன்றத்துக்கு வந்தாள். எல்லாருக்கும் தன் கையாலேயே பரிமாறினாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"நீங்க செஞ்சதை உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன். ஒரே ஒரு விண்ணப்பம். இந்த விஷயமா வெளியில மட்டும் யாரும் மூச்சு விட்டுராதீங்க."

அவள் போனதும் தைலம்மை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வெளியில மூச்சு விடக் கூடாது. முன்மொழிகிறேன்."

"வழிமொழிகிறேன்" என்றாள் குருவம்மாள்.

"வீட்டுக்குள்ள விடலாமா?" என்று கேட்டாள் பொன்னுத்தாய் கவலையோடு.

"வெளியிலன்னுதானே சொன்னா" என்றார் எஸ்தர். "உள்ள தாராளமா விடலாம்."

"பஸ்ஸுல போனா?"

இதற்கு நீண்ட விவாதம் நடந்தது. நடுவில் உட்கார்ந்தால் விடலாம், ஜன்னலோரம் உட்கார்ந்தால் விடக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. எல்லாரும் வாசற்படியில் வரிசையாக நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டார்கள். ஓடினார்கள்.

ஆகவே, நீங்கள் உப்போடைக்கு வந்திருக்கும்போது கன்னம் உப்பி, கண் பிதுங்கி, சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் தெருவில் பறந்து வந்து நீங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்குள் புகுந்தால் பயந்துவிடாதீர்கள். திருடியும் இல்லை, பேயும் இல்லை. மன்றத்து உறுப்பினர். நாலு மூச்சு விட்டுவிட்டு, இன்னொன்றை இழுத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவார். முடிந்தால் கதவைத் திறந்து வையுங்கள்.

இவ்வளவையும் நான் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எங்கே இருந்து படிக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. வெளியில் என்றால், தயவுசெய்து மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலில் உள்ளே ஓடுங்கள்.